இறந்த விலங்கை அறுப்பதற்கு முன் ஸ்கேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செத்துப்போன நாயோ, மாடோ, கரையொதுங்கிய கடலாமையோ, கத்தி வைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துப் பார்க்கும் வழக்கம் கால்நடை மருத்துவத்திலும் வனவிலங்கு ஆய்விலும் பரவி வருகிறது. மனித உடல்களில் இதை ஒரு முறையாக வளர்த்தவர்கள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத் தடயவியல் துறையினர். 1990-களின் இறுதியில் தொடங்கிய அந்த முறைக்கு ‘விர்ட்டாப்சி’ என்று பெயர் வைத்தார்கள். ஹாங்காங்கில் கரையொதுங்கும் டால்பின்களுக்கு 2014 முதல் இது வாடிக்கையாகவே ஆகிவிட்டது. கால்நடை மருத்துவர்களும் ரேடியோகிராஃபர்களும் வளர்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் கீழே.

ஸ்கேன் எடுத்துவிட்டால் பிரேதப் பரிசோதனையே தேவையில்லையா?

பெரும்பாலும் தேவை. ஸ்கேன் காட்டுவது வடிவத்தையும் அடர்த்தியையும் மட்டுமே. நிறம், மணம், கிருமி, நஞ்சு, திசுவின் நுண்ணமைப்பு எதுவும் படத்தில் வராது. தெற்காசியாவில் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்ததற்கு மாடுகளுக்குப் போட்ட டைக்குளோஃபினாக் மருந்தே காரணம் என்று 2004-இல் தெரியவந்தது. உடலை அறுத்ததும் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது கண்ணில் பட்டது; சிறுநீரகத்தை வேதிப் பரிசோதனைக்கு அனுப்பியபோது மருந்து சிக்கியது. எத்தனை ஸ்கேன் எடுத்திருந்தாலும் அந்த மருந்தின் பெயர் கிடைத்திருக்காது.

வண்டி மோதி முதுகெலும்பு துண்டான நாய், தலையில் குண்டு பாய்ந்த மான், முட்டை சிக்கி இறந்த ஆமை போன்றவற்றில் ஸ்கேன் மட்டுமே போதிய விடை தரலாம். வளர்த்தவர் அறுக்கச் சம்மதிக்காவிட்டால், ஒன்றுமே பார்க்காமல் புதைப்பதைவிட ஸ்கேன் எடுப்பது எவ்வளவோ மேல். அப்போதும் ஊசி மூலம் கல்லீரல், சிறுநீரகம், நுரையீரலிலிருந்து சிறு துண்டுகள் எடுக்க அனுமதி கேட்டுப் பாருங்கள். ‘அறுக்க வேண்டாம்’ என்பவர்களில் பலர் இதற்குச் சம்மதிப்பார்கள்.

அறுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஸ்கேனால் என்ன பயன்?

கத்தி வைத்தவுடன் காணாமல் போகிற விஷயங்கள் உண்டு. முதலாவது, காற்று. நெஞ்சுக்கூட்டைத் திறந்த நொடியில் வெளிக்காற்று உள்ளே போய்விடும். நுரையீரலைச் சுற்றி முன்பே காற்று அடைத்திருந்ததா என்பதற்கு அதன் பிறகு சாட்சி இல்லை. அடுத்து, பொருள்கள் இருக்கும் இடம். தோட்டாச் சில்லு, தூண்டில் முள், குடலுக்குள் இழுபட்டுக் கிடக்கும் நைலான் நூல் எல்லாம் கை பட்டதும் நகர்ந்துவிடும். அந்த நூல் எக்ஸ்ரேயிலும் சரி, பெரும்பாலும் சி.டி.யிலும் சரி, தெரியாது. ஆனால் அதைச் சுற்றிக் குடல் பாவாடை நாடா சுருக்கியதுபோல் கொசுவிக் கிடப்பது தெரியும். அதைப் பார்த்துவிட்டு அறுப்பவர் நூலை உருவி இழுக்காமல், குடலோடு சேர்த்து எடுத்துவைப்பார்.

இன்னொன்று, யாரும் முழுவதும் அறுத்துப் பார்க்காத இடங்கள்: முக எலும்புகள், கழுத்து முதுகெலும்புகள், இடுப்பெலும்பு, கால் நுனிகள். வழக்கமான பிரேதப் பரிசோதனையில் இவை தப்பிவிடுவது சகஜம். தவிர, உடல் எரிக்கப்பட்டுப் பத்து வருடம் கழித்தும் ஸ்கேன் கோப்பை இன்னொருவர் திறந்து சரிபார்க்கலாம்.

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட்: எதை எடுப்பது?

ஒன்றுதான் முடியும் என்றால் சி.டி. எலும்பு, உலோகம், காற்று மூன்றையும் சில நிமிடங்களில் முழு உடலுக்கும் காட்டிவிடும்.

சி.டி. கிடைக்காத இடத்தில் எக்ஸ்ரேயைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். எக்ஸ்ரேயை ரான்ட்கன் கண்டுபிடித்த செய்தி வெளியான கையோடு, 1896-லேயே வியன்னாவில் ஒளிப்பட ஆய்வாளர்கள் ஏடரும் வலன்டாவும் மீன், தவளை, பச்சோந்தி, பாம்புகளை எக்ஸ்ரே எடுத்து வெளியிட்டுவிட்டார்கள். பேட்டரியில் ஓடும் கருவியும் டிஜிட்டல் தட்டும் இருந்தால் காட்டிலேயே எடுக்கலாம். ஒரே ஒரு விதிதான்: ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இரண்டு படங்கள். பக்கவாட்டுப் படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ‘தோட்டா இதயத்தில் இருக்கிறது’ என்று எழுதினால், அது தோலுக்கு அடியில் கிடந்ததாகப் பிறகு தெரியவரும்.

மூளை, தண்டுவடம், இதயத்தசை, தசைக்குள் ரத்தக்கசிவு ஆகியவற்றுக்கு எம்.ஆர்.ஐ. நல்லது. ஆனால் மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும், உடல் புதிதாக இருக்க வேண்டும். குளிர்ந்த உடலில் சமிக்ஞையே மாறிவிடுவது பலருக்குத் தெரிவதில்லை. உயிருள்ள நாய்க்கு வைத்திருக்கும் கொழுப்பு மறைக்கும் அமைப்பை 4 டிகிரியில் இருக்கும் உடலுக்கு அப்படியே போட்டால் கொழுப்பு சரியாக மறையாது. கருவி கெட்டுவிட்டதோ என்று தேட வேண்டாம். அந்த வெப்பநிலைக்கு ஏற்ப நேர அளவை மாற்ற வேண்டும். உடல் வெப்பநிலையை அளந்து படத்தோடு பதிவுசெய்துவிடுங்கள்.

அல்ட்ராசவுண்டில் முழு உடலையும் தேடுவது வீண். அழுகல் வாயு சேர்ந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. ஊசி எங்கே போகிறது என்று பார்க்க உதவும், அவ்வளவே.

இறந்து எவ்வளவு நேரத்துக்குள் எடுக்க வேண்டும்? அதுவரை உடலை எப்படி வைப்பது?

24 மணி நேரத்துக்குள் ஸ்கேன், அதே நாளில் அறுவை என்பதுதான் குறி. வைப்பது 4 டிகிரி செல்சியஸில். உறைய வைக்கக் கூடாது.

உடலின் அளவைப் பார்த்து முடிவெடுங்கள். பூனை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அடர்ந்த ரோமமுள்ள செம்மறியாடும் தோல் தடித்த எருமையும் குளிர் அறையில் வைத்த பிறகும் வயிற்றுக்குள் வெதுவெதுப்பாகவே இருந்து வேகமாக அழுகும். அசைபோடும் விலங்குகளின் பெருவயிற்றில் நொதித்தல் நிற்காது; அதனால் மாடு, ஆடு என்றால் மணிக்கணக்கில்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

பறவைகளை அறுப்பதற்கு முன் சோப்புத் தண்ணீரில் நனைக்கும் பழக்கம் உண்டு. ஸ்கேன் முடியும்வரை அது வேண்டாம். இறகில் ஒட்டிய எண்ணெய், கருகல், ரத்தம் எல்லாம் கழுவிப் போய்விடும்.

ஏற்கனவே ஃப்ரீசரில் வைத்துவிட்டோம். இனி என்ன செய்வது?

எலும்பையும் உலோகத்தையும் உறைந்த நிலையிலேயே சி.டி.யில் பார்க்கலாம். மென்திசுக்களை நம்ப முடியாது. பனிக்கட்டியின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு என்பதால், உறைந்த பகுதி கறுப்பாகவும் உறையாத நடுப்பகுதி வெளுப்பாகவும் தெரிந்து கட்டியோ ரத்தமோ என்று ஏமாற்றும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். மூளை விரிந்து மண்டையோட்டின் பொருத்துகள் விலகலாம், விரிசலும் விடலாம். அடிபட்ட காயம் என்று அறிக்கை எழுதுமுன் உடல் உறைந்திருந்ததா என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ.யில் உறைந்த திசு சமிக்ஞையே தராது, படம் வெறும் கறுப்பு.

உருக்குவது குளிர்சாதனப் பெட்டியில், மெதுவாக. சிறிய பறவைக்கு ஒரு நாள் போதும். 30 கிலோ நாய்க்கு மூன்று நான்கு நாள்கூட ஆகலாம். வெளியே வெயிலில் வைத்தால் மேல்பகுதி அழுகிக்கொண்டிருக்க உள்ளே பனிக்கட்டி இருக்கும். உருகிய பிறகு நுண்ணோக்கியில் பார்க்க எடுக்கும் திசு பனிப்படிகங்களால் கிழிந்திருக்கும். நஞ்சுப் பரிசோதனைக்கும் மரபணுப் பரிசோதனைக்கும் உறைதலால் பெரிய நட்டமில்லை.

ஸ்கேன் மேசைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியவை என்னென்ன?

இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. அடைப்பான் நோய் (ஆந்த்ராக்ஸ்), வெறிநோய், பறவைக் காய்ச்சல் சந்தேகம் உண்டா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் இங்கேயே நிறுத்துங்கள் (அடுத்த கேள்வியைப் பார்க்க).
2. மைக்ரோசிப் எண்ணைப் படித்து எழுதுங்கள். எடை போடுங்கள்.
3. கிடந்த நிலையில் எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று குறியுங்கள். இது இல்லாமல் நுரையீரல் படத்தைப் படிக்க முடியாது.
4. நான்கு பக்கமும் புகைப்படம். காயம் இருந்தால் அளவுகோல் வைத்து நெருக்கத்தில் இன்னொன்று. கால்நகங்களில் தடயம் இருக்கலாம் என்றால் பாதங்களைக் காகிதப் பையால் மூடிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் கோர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.
5. சாதாரணக் கழுத்துப்பட்டையைப் படமெடுத்துவிட்டுக் கழற்றலாம். கழுத்தில் சுருக்குக் கம்பி இருந்தால் தொடாதீர்கள், அதோடுதான் ஸ்கேன்.
6. கசியாத பையில் இரண்டு அடுக்காகப் போடுங்கள், உள்பையில் உறிஞ்சும் துணியோடு. உலோக ஜிப் உள்ள பை வேண்டாம். உலோகத்தால் விழும் வெள்ளைக் கீற்றுகள் படம் முழுக்க ஓடும்.
7. பைக்குள் வலது, இடது அடையாளம் வையுங்கள். பை மூடிய பிறகு எது எந்தப் பக்கம் என்று நினைவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

விறைத்த கால்களை இழுத்து நேராக்க முயல வேண்டாம். சின்னப் பறவையின் இறக்கையை அப்படி இழுத்து ஒடித்துவிட்டு, அந்த முறிவையே அறிக்கையில் எழுதுகிற கூத்து நடக்கிறது. வளைந்தபடியே எடுங்கள், சி.டி.யில் எந்தக் கோணத்திலும் பிறகு திருப்பிக்கொள்ளலாம்.

எக்ஸ்ரே எடுக்கும்போது யாரும் உடலைப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. மணல்மூட்டையும் ஸ்பாஞ்சும் போதும். செத்த விலங்கு அசையாது. கையைக் கதிரில் வைக்க ஒரு காரணமும் இல்லை. தள்ளி நில்லுங்கள், தூரம் இரட்டிப்பானால் கதிரளவு நான்கில் ஒரு பங்காகும்.

அடைப்பான் சந்தேகம் என்றால் அறுக்காமல் ஸ்கேன் மட்டும் எடுக்கலாமே?

கூடாது. திடீர் மரணம், விறைக்காத உடல், வேகமாக வயிறு உப்புதல், மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த ரத்தம் என்றால் உடலை நகர்த்தவே வேண்டாம். ரத்தம் காற்றுப் படும்போதுதான் கிருமி வித்துகளாக மாறும். அந்த வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மூடிய உடலுக்குள் அழுகலே அந்தக் கிருமியைச் சில நாட்களில் கொன்றுவிடும். ஸ்கேனருக்குக் கொண்டுபோகிற வழியெல்லாம் சொட்டினால் வண்டி, மேசை, அறை எல்லாம் கெட்டுப்போகும். அதோடு, அடைப்பானை உறுதிசெய்யும் எந்த அடையாளமும் ஸ்கேனில் இல்லை. காதின் ரத்தநாளத்திலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி, மெத்திலீன் நீலச் சாயத்தில் பார்ப்பதுதான் வழி. கிருமியைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரியும்.

வெறிநோய் சந்தேகத்துக்கும் மூளைத்தண்டு, சிறுமூளைத் திசுதான் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். தலையை 4 டிகிரியில் அனுப்புங்கள். ஃபார்மலினில் போட்டால் வழக்கமான ஒளிரும் சாயப் பரிசோதனை சிக்கலாகும்.

சி.டி. அமைப்புகள் எப்படி இருக்க வேண்டும்?

உயிருள்ள நோயாளிக்கு வைத்த அமைப்பை அப்படியே போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. இங்கே கதிரளவைப் பற்றிய கவலையில்லை. எக்ஸ்ரே குழாய் சூடாவது ஒன்றுதான் எல்லை. மின்னோட்டத்தைக் கூட்டுங்கள்; மின்னழுத்தம் பொதுவாக 120 கிலோவோல்ட், உலோகம் இருந்தால் 140. தகட்டுத் தடிமன் (ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தின் தடிமன்) 1 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம், 0.6 கிடைத்தால் நல்லது. எலும்புக்கு ஒன்று, மென்திசுவுக்கு ஒன்று என இரண்டு மறுகட்டமைப்பும் எடுத்து வையுங்கள். மூக்குநுனி முதல் வால்நுனி வரை ஒருமுறை. பிறகு தலைக்கும் சந்தேகமான இடத்துக்கும் குறுகிய பரப்பில் இன்னொருமுறை.

நெஞ்சிலோ வயிற்றிலோ திரவம் தெரிந்தால் உடலைப் புரட்டிப் போட்டு மறுபடி எடுங்கள். திரவம் புதிய பள்ளத்துக்கு ஓடும், உறைந்த கட்டி ஓடாது. சி.டி.யில் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவில் தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, கொழுப்பு கழித்தல் 100-ஐ ஒட்டி, உறைந்த புது ரத்தம் 50 முதல் 80 வரை. ஆனால் அழுகிய உடலில் சிவந்த நீர் கசிந்து நெஞ்சறையில் தேங்கும். அதன் எண் நடுவில் எங்கோ நிற்கும். எண்ணை மட்டும் வைத்து ‘உள்ளே ரத்தப்போக்கு’ என்று எழுத வேண்டாம்.

ரத்தக்குழாய்களில் காற்று தெரிகிறது. அது மரணத்துக்குக் காரணமா, அழுகலா?

அதிகம் தடுமாற வைக்கும் கேள்வி இது. அழுகல் வாயு பெரும்பாலும் குடலில் தொடங்கும். குடல்சுவர், அங்கிருந்து கல்லீரலுக்குப் போகும் ரத்தநாளம், கல்லீரல் என்று படிப்படியாகப் பரவிப் பிறகு இதயம், மூளை, தசை எங்கும் சேரும். கல்லீரல் முழுக்க மரக்கிளைபோல் வாயு படர்ந்து, மற்ற உறுப்புகளிலும் அதே அளவில் இருந்தால் அழுகல்தான். மாறாக, கல்லீரலும் குடல்சுவரும் சுத்தமாக இருந்து, கழுத்தில் காயம் பட்ட பக்கத்து ரத்தநாளத்திலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் மட்டும் வாயு இருந்தால் உயிரோடு இருந்தபோதே காற்று உள்ளே போயிருக்கலாம்.

கடல் பாலூட்டிகளிலும் கடலாமைகளிலும் இது இன்னும் சிக்கல். 2002-இல் கானரித் தீவுகளில் கடற்படைப் பயிற்சியின்போது கரையொதுங்கிய அலகுத் திமிங்கிலங்களின் உறுப்புகளில் வாயுக்குமிழிகள் இருந்தன. ஆழத்திலிருந்து எழும்பும் முறை குலைந்து, முக்குளிப்பவர்களுக்கு வருவதுபோன்ற நோய் வந்திருக்கலாம் என்ற வாதம் அங்கிருந்துதான் கிளம்பியது. வலையில் சிக்கி வேகமாக மேலே இழுக்கப்பட்ட ஆமைகளுக்கும் இது வரும். இந்தச் சந்தேகம் இருந்தால் ஸ்கேனோடு நிற்காமல் வாயுவையே எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். இதயத்துக்குள் இருக்கும் குமிழியைக் காற்றுப்புகாத ஊசியால் வெற்றிடக் குழாயில், இறந்து 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் நல்லது. பெரும்பகுதி நைட்ரஜன் என்றால் அழுத்த மாற்றத்தின் பக்கம் சாயலாம். ஹைட்ரஜன் தென்பட்டால் அழுகல்.

வேறு எவையெல்லாம் நோய்போல் ஏமாற்றும்?

கீழ்ப்பக்கத்து நுரையீரல் வெளுப்பாகத் தெரிவது. இதயம் நின்றதும் ரத்தம் பள்ளத்துக்கு இறங்கிவிடும். நிமோனியா என்று எழுதப்படும் பலவும் இதுதான். கிடந்த பக்கத்தைக் குறித்திருந்தால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். இதய அறைக்குள் மேலே கறுப்பு, கீழே வெளுப்பு என்று கோடு போட்டதுபோல் இருந்தால் சிவப்பணுக்கள் படிந்திருக்கின்றன. பெருந்தமனியின் சுவர் வழக்கத்தைவிட வெளுப்பாகத் தெரிவதும் சாவுக்குப் பிந்தையதே.

கடைசி நேரத்துச் சிகிச்சை இன்னொரு குழப்பம். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயன்றிருந்தால் விலா முறியும், காற்று கசியும், ரத்தக்குழாயிலும் வாயு வரலாம். கருணைக்கொலை ஊசியை நேராக இதயத்தில் போட்டிருந்தால் இதய உறைக்குள் ரத்தம், நெஞ்சறையில் ரத்தம், சில நேரம் காற்று. சிகிச்சை அளித்த மருத்துவரைக் கேட்காமல் அறிக்கை எழுதினால், காப்பாற்ற முயன்றவர் மேலேயே பழி விழும்.

வயிறு உப்பிய நாய்க்கு இரைப்பை முறுக்கிக்கொண்டதா என்று கேட்பார்கள். வெறும் உப்பல் அழுகலாலும் வரும். இரைப்பையின் கீழ்வாய் இடம் மாறி மேலே இடப்பக்கம் போயிருக்கிறதா, நடுவில் மடிப்பு விழுந்து இரண்டு அறையாகத் தெரிகிறதா, மண்ணீரல் பெருத்து இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டில் உப்பிச் செத்ததா, செத்து உப்பியதா என்பதை ஸ்கேன் சொல்லாது. உணவுக்குழாயை நீளவாக்கில் அறுத்தால், கழுத்துப் பகுதி சிவந்தும் நெஞ்சுப் பகுதி வெளிறியும் நடுவில் கோடாகப் பிரிந்திருக்கும். அந்தக் கோடு கண்ணுக்குத்தான் தெரியும்.

மனித ஸ்கேன்களைப் படிக்கும் ரேடியாலஜிஸ்ட் விலங்குப் படத்தைப் படிக்கலாமா?

படிக்கலாம், பக்கத்தில் ஒரு கால்நடை மருத்துவரை வைத்துக்கொண்டு. மாட்டின் இதயத்துக்குள் நிஜமாகவே ஒரு எலும்பு உண்டு. பெருந்தமனி கிளம்பும் இடத்தில் இருக்கும் அதைப் பார்த்து, ‘விழுங்கிய கம்பி குத்தி நிற்கிறது’ என்று எழுதலாகாது. பூனையின் காறை எலும்பு எதனோடும் சேராமல் தசைக்குள் மிதக்கும். ஆண் நாயின் குறிக்குள் எலும்பு உண்டு. நாயின் முழங்காலுக்குப் பின்னால் பட்டாணி அளவில் இரண்டு எலும்புகள் இருக்கும், உடைந்த சில்லு இல்லை. பறவை, பல்லிகளின் கண்ணைச் சுற்றி எலும்பு வளையம் உண்டு. பறவையின் மேற்கை எலும்புக்குள் காற்று இருப்பது இயல்பு. முட்டையிடத் தயாராகும் பெட்டையின் எலும்புக்குள் சுண்ணாம்பு நிறைந்து வெள்ளையாகத் தெரியும். குட்டிகளின் வளர்ச்சித் தட்டுகளை முறிவு என்று எழுதுவது எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு. எதிர்ப்பக்கத்துக் காலோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

சுட்டுக் கொல்லப்பட்டதாகச் சந்தேகம். எதைக் கவனிக்க வேண்டும்?

கணக்கை முதலில் நேராக்குங்கள்: நுழைந்த துளைகள் எத்தனையோ, வெளியேறிய துளைகளும் உள்ளே கிடக்கும் தோட்டாக்களும் சேர்ந்து அத்தனை வர வேண்டும். வராவிட்டால் இன்னும் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது. தோட்டா எலும்பில் பட்டுத் திசைமாறிக் காலுக்கோ கழுத்துக்கோ போயிருக்கலாம். அதனால்தான் முழு உடல் ஸ்கேன். அதிவேக வேட்டைத் தோட்டா உடைந்தால் பாதை நெடுக ஈயத்துகள் பனி தூவியதுபோல் தெரியும்.

படத்தில் அளந்து தோட்டாவின் விட்டத்தைச் சொல்ல வேண்டாம். எக்ஸ்ரேயில் நிழல் பெரிதாகும், சி.டி.யில் உலோகம் பிதுங்கித் தெரியும். வெளியே எடுக்கும்போது வெறும் இரும்பு இடுக்கியும் வேண்டாம், தோட்டாவின் மேல் இருக்கும் துப்பாக்கிக் குழல் வரிகள் கீறிப்போகும். விரலாலோ ரப்பர் உறை போட்ட இடுக்கியாலோ எடுங்கள். இரும்புக் குண்டாக இருக்கலாம் என்றால் எம்.ஆர்.ஐ. அறைக்குள் கொண்டுபோகவே கூடாது.

நீர்ப்பறவையின் அரைப்பையில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், அது சுடப்பட்டது என்றே அர்த்தமில்லை. கல்லோடு சேர்த்து ஈயக்குண்டை விழுங்கியிருக்கலாம். குண்டு பாய்ந்த பாதை இருக்கிறதா என்று பாருங்கள். ஈயநஞ்சுக்குக் கல்லீரலை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

அடித்துக் கொடுமைப்படுத்தியதை ஸ்கேன் நிரூபிக்குமா?

வலுவான சான்று தரும். வெவ்வேறு காலத்து முறிவுகள் ஒரே உடலில் இருப்பதுதான் முக்கியமான அடையாளம். ஒரு விலா புதிதாக முறிந்திருக்கும், இன்னொன்றில் எலும்பு கூடும் புடைப்பு தெரியும், மூன்றாவது பழையபடி ஒட்டியிருக்கும். வளர்ந்த நாயில் அந்தப் புடைப்பு படத்தில் தெரிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். குட்டியில் இன்னும் சீக்கிரம். ‘நேற்று வண்டியில் அடிபட்டது’ என்ற பேச்சு அங்கே நிற்காது.

புது முறிவு உயிரோடு இருக்கும்போது நடந்ததா, இறந்த பிறகா என்பதைப் படம் மட்டும் சொல்லாது. அறுத்து, முறிவைச் சுற்றி ரத்தம் தசைக்குள் ஊறியிருக்கிறதா என்று பார்த்து, திசுவை நுண்ணோக்கிக்கு அனுப்ப வேண்டும். நீதிமன்றத்துக்கு முப்பரிமாணப் படம் கவர்ச்சிதான். நோயறிவதற்கு அதை நம்பாதீர்கள். மென்பொருள் எல்லைக்கோட்டை எங்கே வைத்தாலும் மெல்லிய விரிசல்கள் மூடிக்கொள்ளும். தகட்டுப் படங்களில்தான் தேட வேண்டும்.

நஞ்சு, மின்சாரம், நீரில் மூழ்கல்?

நஞ்சு தெரியாது. மின்சாரம் தெரியாது, தோலிலும் இறகிலும் கருகலைத் தேடுங்கள். மூழ்கிய உடலில் மூக்கறைகளிலும் மூச்சுக்குழாயிலும் இரைப்பையிலும் திரவம் தெரியலாம், ஆனால் வேறு காரணங்களாலும் அது வரும். பிளாஸ்டிக் விழுங்கியதா என்பதற்கும் அரைகுறைப் பதில்தான்: குளோரின் உள்ள பி.வி.சி. பளிச்சென்று தெரியும், பாலித்தீன் பை கொழுப்போடு கலந்து மறைந்துவிடும்.

ரத்தக்குழாய்களுக்குள் படத்தில் பளிச்சிடும் மருந்து ஏற்றிப் பார்க்கலாமா?

உள் ரத்தப்போக்கு எங்கிருந்து என்று தெரிய வேண்டுமானால் பலன் உண்டு. தொடைத் தமனியில் குழாய் செருகி, அயோடின் மருந்தைப் பாலிஎத்திலீன் கிளைக்காலில் ஏறக்குறைய ஒன்றுக்குப் பத்து என்ற அளவில் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டும். உப்புநீரில் கலந்தால் குழாய்ச் சுவர் தாண்டிக் கசிந்து திசு எல்லாம் வீங்கிவிடும். அழுகத் தொடங்கிய உடலில் எங்கும் கசியும். அதைக் காயம் என்று நினைக்கக் கூடாது. ரத்தம், சிறுநீர், கண்ணுக்குள் இருக்கும் திரவம் ஆகியவற்றின் மாதிரிகளை மருந்து ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், பிறகு எடுத்தால் நஞ்சு அளவுகள் பொய்யாகும்.

மாடு, குதிரை, யானை எல்லாம் ஸ்கேனரில் நுழையுமா?

மனித ஸ்கேனர்களின் துளை 70 முதல் 80 செ.மீ.; படம் தெளிவாக விழும் வட்டம் 50 செ.மீ.தான். மேசை பெரும்பாலும் 200 முதல் 300 கிலோ தாங்கும். கன்று, டால்பின், சிறுத்தை போகும். நீளம் போதாவிட்டால் முதல் பாதியை எடுத்துத் திருப்பிப் போட்டு மறுபாதி, நடுவில் ஒரு சாண் இரண்டிலும் வரும்படி. அதற்கு மேல் பெரியவற்றில் தலை, கால், கழுத்து என்று பிரித்து எடுக்கிறார்கள். பிரிக்கும் இடத்தில் காற்றும் எலும்புத்தூளும் புகும், அதை அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

சுண்டெலி, தவளை, குஞ்சுப் பறவைக்கு?

சாதாரண சி.டி. போதாது. மைக்ரோ சி.டி.யில் 10 முதல் 50 மைக்ரோமீட்டர் வரை நுணுக்கமாகப் பார்க்கலாம். மென்திசு தெரிய வேண்டுமானால் ஃபார்மலினில் பதப்படுத்திய உடலை லூகோல் அயோடினில் ஊற வைப்பார்கள். 1 முதல் 4 சதவீதம் போதும். சின்னத் தவளைக்குச் சில நாள், எலி அளவுக்கு வாரக்கணக்கில். வீரியத்தைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் திசு சுருங்கும். மூளை மண்டையோட்டுச் சுவரிலிருந்து விலகி நிற்பதைப் பார்த்து நோய் என்று நினைக்க வேண்டாம். பழுப்பு நிறத்தைச் சோடியம் தயோசல்ஃபேட் கரைசலில் எடுத்துவிடலாம்.

அருங்காட்சியகங்களில் இதே நுட்பம் வேறொரு பக்கம் ஓடுகிறது. அமெரிக்காவின் ‘ஓவெர்ட்’ திட்டம் பதப்படுத்திய முதுகெலும்பிகள் 13,000-க்கும் மேற்பட்டவற்றை ஸ்கேன் செய்து பொதுவில் வைத்திருக்கிறது. மான்செஸ்டரில் 800-க்கும் மேற்பட்ட எகிப்திய விலங்கு மம்மிகளை ஸ்கேன் செய்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் விலங்கின் உடலே இல்லை. குச்சியும் மண்ணும் துணியும்தான்.

மனிதர்களுக்கான மருத்துவமனை ஸ்கேனரைப் பயன்படுத்தலாமா?

நிர்வாகம் அனுமதித்தால் முடியும். நாளின் கடைசி வேலையாக வையுங்கள். மேசை, தலைமாட்டு இடுக்கு, வளையத்தின் உள்சுவர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். மேசையும் வளையமும் சேரும் இடைவெளியில்தான் கசிவு இறங்கும், துடைக்க முடியாத இடமும் அதுவே. அழுகிய உடலை எடுத்துவருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நாற்றம் மறுநாள் காலைவரை நிற்கும், அதன் பிறகு உங்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

அறிக்கையை எப்போது எழுதுவது?

அறுப்பதற்கு முன். ஸ்கேனில் கண்டதைத் தேதி, நேரத்தோடு எழுதி மூடிவிட்டுப் பிறகு கத்தியை எடுங்கள். அறுத்த பிறகு கண்டது வேறாக இருந்தால் பழைய அறிக்கையைத் திருத்தாமல் இணைப்பாக எழுதுங்கள். எந்த இடத்தில் ஸ்கேன் தவறியது என்று அப்போதுதான் தெரியும். மூலக் கோப்புகளை டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு) வடிவத்திலேயே இரண்டு இடத்தில் வையுங்கள். கணினித் திரையைப் படம்பிடித்த ஜேபெக் படங்கள் சான்றாகாது.

எல்லாம் முடிந்தபின் உடலை என்ன செய்வது?

பென்டோபார்பிட்டால் ஊசியால் கருணைக்கொலை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். அந்த மருந்து உடலில் அழியாமல் நிற்கும். திறந்த வெளியில் போட்டால் தின்ன வரும் கழுகும் நரியும் நாயும் செத்துவிழும். எரிப்பது நல்லது, முடியாவிட்டால் தோண்டியெடுக்க முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும். ஸ்கேன் பைகளும் உறிஞ்சுதுணியும் அதோடு போகட்டும். வழக்கு நிலுவையில் இருந்தால் அறுத்தெடுத்த எலும்புத் துண்டும் தோட்டாவும் முத்திரையிட்ட உறையில் தனியாக இருக்க வேண்டும். உறையின் மேல் எழுதும் எண்ணும் டைகாம் கோப்பில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உடலை அனுப்புங்கள்.